அணைந்த விளக்கு

கேமரன் மலையில் ரயில் கிடையாது. அதற்காகவே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். தேயிலைத் தோட்டத்தில் என் மனைவி நவமணி பிறந்த தொழிலாளர் லயத்து வீடு காலியாகக் கிடந்தது. மேனேஜரிடம் கெஞ்சி வாங்கினேன்.

இருபத்தாறு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவன் நான். பட்டணத்தில் சரக்குக்கும் பயணிகளுக்கும் ஒரே தண்டவாளம்தான். பயணிகள் ரயில் வந்தால் நாங்கள் பக்கத்துக் கிளைத் தண்டவாளமான லூப் லைனில் ஒதுங்கி, முன்விளக்கை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். ‘நான் நிற்கிறேன், நீ போ’ என்று அதற்குப் பொருள்.

அப்படி நின்ற ஒரு மாலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நவமணியின் போன் வந்தது.

“எங்க இருக்கீங்க?”

“லூப்ல நிக்கிறேன்மா. இன்னும் மூணு பாசெஞ்சர் போகணும்.”

“சரி, வழி விட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

லயத்துக்கு வந்த மூன்றாம் நாள், பொழுது சாயும் நேரம். மூடுபனி தேயிலைச் செடிகளை மறைத்துவிட்டது. சூடேறிய பிரேக்கின் வாடை வந்தது. தரை லேசாக அதிர்ந்தது.

இரும்புச் சக்கரங்கள்.

கை தானாகப் போய் வாசல் விளக்கை அணைத்தது. பழக்கதோஷம். சத்தம் வாசல்வரை வந்து, சற்றே தயங்கி, கடந்து போனது.

தினமும் அப்படித்தான். சொல்லி அழவும் எனக்கு ஆளில்லை.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுச் செல்லம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, பொழுது சாஞ்சா ஏன் லைட்ட அடைச்சிடுறீங்க?”

“உனக்கு ரயில் சத்தம் கேக்கலையா?”

“இங்க ஏது ரயிலு லா? ஒரு அக்காதான் தெனம் உங்க வாசலுக்கு வருது. ஆஸ்பத்திரி உடுப்புல. இருட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது.”

நவமணிதான். ஏழு நாளும் அவளை நானே போகச் சொல்லியிருக்கிறேன்!

அன்று விளக்கை அணைக்கவில்லை. கதவையும் திறந்து வைத்தேன்.

சத்தம் வந்தது. வாசலில் நின்றது.

கடந்து போகவில்லை.

“நவமணி?”

ஈரக் காலடி என்னைத் தாண்டி உள்ளே போனது. என் முதுகுக்குப் பின்னால் சுவிட்ச் தட்டும் ஓசை.

விளக்கு அணைந்தது.

நான் நிற்கிறேன் என்கிறாள்.

இப்போதெல்லாம் ரயில் சத்தம் வருவதில்லை. தினமும் மாலையில் நான் விளக்கைப் போடுகிறேன். மூடுபனி வாசலைத் தொட்டதும், வீட்டுக்குள்ளிருந்து யாரோ அதை அணைக்கிறார்கள்.