படாத பஞ்சு

“நிஜமாவே வலிக்குதா, இல்ல வலிக்கும்னு நீயா நினைச்சுக்கிறியா?” என்று அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். “அவ பொய் சொல்ல மாட்டா” என்று அக்காதான் அவர் வாயை அடைத்தாள். பைண்டிங் பட்டறையில் காகிதக் கட்டுகளை அழுத்தும் இயந்திரத்தில் தங்கையின் மணிக்கட்டு சிக்கி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டறையில் எல்லோரும் நடிப்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள். நம்புவதற்கு அக்கா ஒருத்திதான் மிச்சம்.

எலும்பு கூடிவிட்டது. தழும்பும் வெளுத்துவிட்டது. “திருடன் போய் நாளாச்சும்மா, காவல் நாய்தான் குரைப்பை நிறுத்தல” என்றார் டாக்டர். அந்த நாய் கையில் இல்லையாம். தண்டுவடத்திலும் மூளையிலும் இருக்கிறதாம். அதற்கு இப்போது பால்காரர் வந்தாலும் திருடன்தான். வலி பொய்யில்லை, மெல்ல மெல்லப் பழக்கினால் அடங்கும் என்று சொல்லி, தினமும் பஞ்சால் வருடச் சொன்னார். சாயங்காலம் தவறாமல் அக்கா மாடியேறி வந்து வருடுவாள்.

இன்று, கீழே தாழ்ப்பாள் நீங்கிய சத்தத்துக்கே மணிக்கட்டு சுள்ளென்றது.

சத்தம் எப்படித் தொடும்? ஈரச் சுவரின் வாடையும் மருந்து நெடியும் கலந்த அந்தச் சின்ன அறையில் அவள் கையை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, மரப்படிகள் ஒவ்வொன்றாக முனக முனக, ஒவ்வொரு முனகலும் தோலுக்கடியில் ஊசியாக நுழைந்து முழங்கைவரை ஏறியது.

“இன்னிக்குக் கண்ணை மூடிக்கோ” என்றாள் அக்கா, கதவைத் திறந்தபடி. “பஞ்சு பட்டதும் சொல்லு.”

இது யார் சொல்லிக்கொடுத்தது? வெளியே, படியில், அக்கா வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

மூடினாள்.

பட்டது. பஞ்சு இல்லை. விரல்கள். ஐந்து. குளிர்ந்தவை. இறுக்கின.

“விடுக்கா.”

விடவில்லை. எலும்பு நெரிந்தது.

“அக்கா, வலிக்குது. விடு.”

“நான் இன்னும் உன் பக்கத்துலயே வரலியேடி.”

குரல் கதவருகிலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். அக்கா வாசலைத் தாண்டவில்லை. பஞ்சு அவள் விரலிடுக்கில் கசங்காமல் இருந்தது.

மணிக்கட்டில் ஐந்து விரல் தடம். சிவந்து. யாரும் தொடாமலே அமுங்கிக்கொண்டு.

கையைத் தூக்கிக் காட்டினாள். அக்கா கையைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தாள், ஒரு பொய்க்காரியை முதல்முறை பார்க்கிற மாதிரி. பிறகு பஞ்சை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் மிதித்த ஒவ்வொரு படிக்கும், அந்த ஐந்து தடமும் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கின.