இடப்பக்கம் பார்க்கும் அணில்

ஆம்பூரில் தேவகிருபை என்று ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கு எதையும் ஒற்றையாகச் செய்ய வராது.

ஒரு தோசை கேட்டால் இரண்டு வரும். கதவை ஒரு தடவை தட்டினால் கை சும்மா இருக்காது, இன்னொரு தடவையும் தட்டும். ஒரு தும்மல் வந்துவிட்டால், அதன் ஜோடித் தும்மல் வரும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்த இரண்டாவது தும்மல் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்கவில்லை. நான் பொய் சொல்வதில்லை. அன்று பசியோடு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

இதற்குக் காரணம் உண்டு. தேவகிருபை பதினாறு வருடம் ஷூ ஃபேக்டரியில் வேலை செய்தவர். ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். அதைக் கையால் தைப்பதுதான் அவர் வேலை. ஒன்று தைத்தால் அதற்கு ஜோடியும் தைத்தாக வேண்டும். ஒற்றை ஷூ வாங்க யார் வருவார்கள்?

அப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டாகும். அப்பா சத்தியநாதனுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அவர் ரயில் பிடித்து வர இன்னும் நேரமாகும். எனவே பள்ளி விட்டு வந்து வீட்டுப் பூட்டைத் திறப்பது அவர்கள் மகள் ஜெமிதான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பூட்டுக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம். ஆனால் இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று எந்தப் பூட்டும் கேட்பதில்லை.

போன ஜூன் மாதம் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டிலேயே தோலில் பென்சில் பை தைப்பது. போனில் ஒரு கடை திறந்து ஊரெல்லாம் விற்பது. சரிப்படாவிட்டால் நவம்பரில் ஃபேக்டரிக்கே திரும்பி வரலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஆபித் பாஷா கடையில் தோல் கட் பீஸ்கள் கிடைக்கும். ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள். அம்மா அதில் நீளமான பை தைத்தார். பையின் வாய் மேலே இல்லை, பக்கவாட்டில் இருந்தது. அதற்கு ஒரு மூடி, ஒரு பட்டன். முன்பக்கத்தில் நூலால், பட்டனைப் பார்த்தபடி ஓர் அணில். வரைந்து கொடுத்தவள் ஜெமி. அப்பா அதை எலி என்றார். அன்று அப்பாவுக்கு ஒரே ஒரு தோசைதான் வந்தது.

அம்மாவுக்குத் தைக்கத் தெரியும், விற்கத் தெரியாது. அதனால் படிக்க ஆரம்பித்தார்.

தாடி வைத்த ஒரு தம்பி போனில் பாடம் நடத்தினார். ‘கைவினைப் பொருளை ஆன்லைனில் விற்பது எப்படி’ என்று பன்னிரண்டு வீடியோ. அப்பா ஆஸ்பத்திரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏதோ ஒரு வழிகாட்டியை அச்சடித்து வந்தார். கைவேலை செய்து விற்கும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அம்மா சேர்ந்தார். அதில் ஒரு யோசனை வருவதற்குள் நாற்பது காலை வணக்கம் வரும்.

அம்மாவின் கையில் எப்போதும் ஊசி இருந்ததால் பாடங்களை எழுதி வைத்தவள் ஜெமி. பழைய ரஃப் நோட்டில் எழுதினாள்.

முதல் பாடம், வெள்ளைத் துணியில் வைத்து வெயிலில் படம் எடுக்க வேண்டும். அப்பாவின் வேட்டியை விரித்தார்கள். பக்கத்து வீட்டு குர்ஷித் அக்காவின் கோழி நடுவில் வந்து உட்கார்ந்தது. கோழி என்ன விலை என்று ஏழு பேர் கேட்டார்கள். பையை யாரும் கேட்கவில்லை. மறுபடி எடுத்தார்கள்.

ஐந்தாம் பாடத்தில் தாடித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். “உங்க பொருளை வாங்கறவர் யாரு? யோசிச்சு எழுதுங்க.”

அம்மா யோசிக்கவே இல்லை. “கை இருக்கிற எல்லாரும்னு எழுதுடி” என்றார். ஜெமியும் அப்படியே எழுதினாள்.

ஆர்டர்கள் வந்தன. பிறகு பைகளும் வந்தன. அதாவது, போன பைகளே திரும்பி வந்தன.

அக்டோபரில் மட்டும் ஏழு. கொரியர் கொண்டுவரும் அமீர் பாஷாவின் பைக் சத்தம் கேட்டாலே அம்மாவின் கை நிற்க ஆரம்பித்தது. ஏழு பேருமே, படத்தில் உள்ளது போல் இல்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். அதில் ஒருவர் கூடவே, அணில் என் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை போலும் என்று அம்மா ஜெபம் செய்தார்.

கொரியரில் பை நசுங்குகிறது என்றார் ஆபித் பாஷா. தோல் வாடை என்றார் அப்பா. கண் பட்டிருக்கும், போனுக்கு எலுமிச்சம்பழம் கட்டு என்றது வாட்ஸ்அப் குழு. அம்மா அதை ஜூஸ் போட்டுவிட்டார்.

இருபதாம் தேதி போனில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஒரு மாதத்தில் எட்டுப் பொருள் திரும்பினால் கடை மூடப்படும்.

அம்மா அதை இரண்டு தடவை படித்தார். “இன்னும் ஒண்ணு வந்தா அவ்ளோதான். ஒண்ணாந்தேதி நான் பஸ் ஏறிடறேன். இதோட ஒரே பேஜாரா போச்சு” என்றார்.

ஜெமி ஆணியில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். அது அவளுக்காகக் காத்திருப்பது போல் இருந்தது.

மறுநாள் திரும்பி வந்த பைகளில் ஒன்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். சும்மா கிடப்பதற்குப் பதில் அதில் தன் பென்சிலாவது இருக்கட்டுமே.

வகுப்பில் அவளுக்கு வலப்பக்கம் நெல்வின் உட்காருவான். பேச்சு குறையட்டும் என்று டீச்சர் அப்படி உட்கார வைத்திருந்தார். பேச்சு குறைந்தது, சண்டை வளர்ந்தது. நெல்வின் இடது கையால் எழுதுகிறவன். அவன் எழுதினால் அவள் முழங்கையில் இடிக்கும், அவள் எழுதினால் அவன் முழங்கையில் இடிக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை இரண்டு முழங்கைகளும் தேய்ந்து ஆளுக்கு அரை அங்குலம் குறைந்துவிட்டன. அளந்தவர்கள் சொன்னது.

ஜெமி பையைத் திறந்தாள். மூடி அந்தப் பக்கம் இருந்தது. கையைச் சுற்றி வளைத்துத் திறப்பதற்குள் ஐந்து பென்சிலும் கீழே கொட்டின.

“இன்னா பை இது” என்று அவளே சலித்துக்கொண்டாள்.

நெல்வின் பென்சில்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். பட்டனை மூடினான், திறந்தான். ஒரே கை, ஒரே இழுப்பு. பிறகு மறுபடி மூடினான், மறுபடி திறந்தான். கணக்கு பீரியட் முழுவதும் அதையேதான் செய்தான்.

“எங்க வாங்குன?” என்றான்.

“எங்கம்மா தச்சாங்க. இது சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“நல்லாத்தான இருக்கு” என்றான் நெல்வின். கொஞ்ச நேரம் கழித்து, “கத்திரிக்கோல், ஷார்ப்னர், எதுவுமே எனக்கு இப்பிடித் தொறக்காது” என்றான். சண்டைக் குரலில் சொல்லவில்லை. அவன் குரல் இப்படியும் இருக்கும் என்று ஜெமிக்கு அதுவரை தெரியாது.

பள்ளி விட்டதும் ஓடி வந்தாள். திரும்பி வந்த பைகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். ஏழு அணில்களும் இடப்பக்கம் பார்த்தன. போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். அந்த அணில் வலப்பக்கம் பார்த்தது.

“அம்மா, நீ எப்பிடித் தைப்ப?”

“இது இன்னாடி கேள்வி? ஒரு வலது, ஒரு இடது. ஒரு வலது, ஒரு...” அம்மா பாதியில் நிறுத்தினார். தன் இரண்டு கைகளையும், யாரோ விட்டுவிட்டுப் போன கைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பென்சில் பைக்கு ஜோடி தேவையில்லை என்று அந்தக் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு ஷூ தைப்பது போலவே தைத்துக்கொண்டிருந்தன. பாதிப் பேருக்கு வலது பை போனது, அவர்களுக்கு மகிழ்ச்சி. மீதிப் பேருக்கு இடது.

தலைகீழாகத் திருப்பினால் இடது வலதாகிவிடுமே என்றார் அன்றிரவு அப்பா. திருப்பிப் பார்த்தார்கள். அணில் தலைகீழாக நின்றது. அப்பா சாப்பிடப் போய்விட்டார்.

இனிமேல் வலது மட்டும்தான் என்று அம்மா உட்கார்ந்தார். முதல் பை நன்றாக வந்தது. இரண்டாவதில் விரல் நடுங்கியது. மூன்றாவதில் ஊசி தானாகவே இடப்பக்கம் திரும்பி நின்றது. இடது கைக் கட்டைவிரலுக்கு மட்டும் லேசாகக் காய்ச்சல். தொட்டுப் பார்த்த குர்ஷித் அக்கா நூறு டிகிரி என்றார்.

“விடும்மா. நீ உன் மாதிரியே தை” என்றாள் ஜெமி. ரஃப் நோட்டைத் திறந்தாள். ‘கை இருக்கிற எல்லாரும்’ என்று எழுதியதற்குப் பக்கத்தில் இப்போது எழுதினாள்: ‘எந்தக் கை?’

மறுநாள் மாலை நெல்வினை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வேட்டி விரிக்கப்பட்டது. கோழியைக் குர்ஷித் அக்கா பிடித்துக்கொண்டார். நகம் வெட்டிய பிறகுதான் படம் எடுக்க வேண்டும் என்றான் நெல்வின். வெட்டினார்கள். அவன் இடது கை பையைத் திறக்கும் படம் ஒன்று, ஜெமியின் வலது கை திறக்கும் படம் ஒன்று. கடையில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டார்கள். இது இடது கைக்கு, இது வலது கைக்கு.

ஆனால் ஓர் ஆபத்து மீதி இருந்தது. அந்த வாரம் ஆறு பை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. வலது, இடது, வலது, இடது என்று அம்மா எடுத்துக் கட்டிய வரிசை அவருக்கு நினைவிருந்தது. மூன்று பேருக்கு இடது பை போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்று திரும்பினாலும் கதை முடிந்தது.

ஜெமி அம்மாவின் போனை வாங்கி அந்த மூன்று பேருக்கும் எழுதினாள்.

‘உங்களுக்கு வரும் பையில் அணில் இடப்பக்கம் பார்க்கும். அது இடது கைக்காரர்களுக்கான பை. மாற்றி அனுப்பியது எங்கள் தவறு. உங்களுக்கு வலது பை ஒன்று அனுப்புகிறோம். முதல் பையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த இடது கைக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு எதுவுமே சரியாகத் திறப்பதில்லையாம்.’

அம்மா படித்துப் பார்த்தார். “இனாமாவா?”

“இனாம்தான்.”

அம்மா இன்னொரு தடவை படித்தார். கடைசி வரியில் கொஞ்சம் நின்றார். “அனுப்பு” என்றார்.

கலவை ஊரிலிருந்து ஓர் அக்கா, கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டேன், அவர் தூங்கும்போதும் திறந்து மூடுகிறார் என்று பதில் போட்டார். நெமிலியிலிருந்து ராமலிங்கம் என்ற வாத்தியார் எழுதினார். நானே இடது கைதான், இதுவே எனக்குப் போதும், வேறு அனுப்பாதே, ஐம்பத்தெட்டு வருடத்தில் எனக்கென்று தைத்தது இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்.

மூன்றாவது ஆள் மேல்விஷாரம். பதிலே இல்லை.

முப்பதாம் தேதி அம்மா போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார். கெட்ட செய்தி வந்தாலும் அரிசிக்குள்ளேயே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ஃபேக்டரி அடையாள அட்டையைத் தேடி எடுத்துத் துடைத்தும் வைத்தார்.

முப்பத்தோராம் தேதி மாலை ஐந்து மணி. அமீர் பாஷாவின் பைக் சத்தம் தெரு முனையில் கேட்டது. அம்மாவின் ஊசி நின்றது. ஜெமியின் பென்சில் நின்றது. குர்ஷித் அக்காவின் கோழி கூட ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.

அமீர் பாஷா வாசலில் வந்து நின்றார். தோளில் அந்தப் பெரிய பை. அம்மா கையை நீட்டினார்.

“இன்னாக்கா கைய நீட்ற? நீதான் குடுக்கணும்” என்றார் அமீர் பாஷா. அவர் பை காலியாக இருந்தது. “ஆறு பார்சல் எடுக்கச் சொல்லி வந்திருக்கு. நேத்துலேர்ந்து உனக்குப் போன் பண்றேன், எடுக்கவே மாட்ற.”

ஜெமி அரிசி டப்பாவுக்குள் கை விட்டாள். போன் கிடைத்தது. மேல்விஷாரம் ஆள் பதில் போட்டிருந்தார். பையைக் கல்லூரியில் படிக்கும் தன் மகளின் தோழிக்குக் கொடுத்தாராம். அவள் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினாளாம். அந்தக் கல்லூரியில் இடது கைக்காரர்கள் ஒன்பது பேர் இருப்பது அன்றுதான் அவர்களுக்கே தெரிந்ததாம். ஆறு பேர் ஆர்டர் போட்டுவிட்டார்கள், மூன்று பேர் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறும் இடது.

திரும்பி வந்த ஏழில் ஒன்று நெல்வினிடம் இருந்தது. மீதி ஆறு, அலமாரியில் தயாராக இருந்தன. அம்மா அவற்றைக் கட்டிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து அந்த ஆறுக்கும் ஜோடி தைக்க ஆரம்பித்தார். கட்டைவிரலில் காய்ச்சல் இல்லை.

ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். மாலை நாலரைக்கு ஜெமி வந்தபோது கதவு திறந்தே இருந்தது. பூட்டு ஆணியில் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பைகளைத் தரையில் வரிசையாக வைத்த அன்று ஜெமி இன்னொன்றையும் கவனித்தாள். வலது பையை இடப்பக்கமும் இடது பையை வலப்பக்கமும் வைத்தால் இரண்டு அணிலும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டன. இடம் மாற்றி வைத்தால், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தன.

அடுத்த நாளே டீச்சரிடம் கேட்டு நெல்வினைத் தனக்கு இடப்பக்கம் உட்கார வைத்தாள். முழங்கைகள் இடிக்கவில்லை. ஒரு பீரியட் போனது, இரண்டு பீரியட் போனது. சண்டை இல்லாமல் நெல்வினுக்குத்தான் பொழுது போகவில்லை. மூன்றாவது பீரியடில் மேஜைக்கடியில் ஓர் உதை விழுந்தது.

ஜெமி குனிந்து பார்த்தாள். பக்கத்தில் வலது கால் சும்மா இருக்க, அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தது அவனுடைய இடது கால்.