லிஃப்டுக்குள் ஒரு யானை

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட யானை இன்னும் வெளியே வரவில்லை. மணியோ மூன்று இருபது.

பயப்படாதீர்கள், உண்மையான யானை இல்லை. மார்சிலிங் வட்டாரத்தில் ஒரு சமூக நிலையத்தின் மேல்மாடி அறையில் ஒரே ஒரு கணினி இருந்தது. யானை அதற்குள் இருந்தது. அது 1984ஆம் ஆண்டு. அந்தக் கணினியின் கறுப்புத் திரையில் பச்சை நிற ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் வரும். படம் வராது, தமிழ் எழுத்தும் வராது. அதனால் என்ன? பள்ளி மாணவிகளான பிரிஜட்டும் ஜரீனாவும் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதி, அதற்குள் ஓர் உலகத்தையே கட்டியிருந்தார்கள்.

அந்த உலகத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் இருந்தது. மூன்றே மாடிகளில் நிற்கும் லிஃப்ட் இருந்தது. அதற்குள்தான் யானை. விளையாடுபவர் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி, யானையை வெளியே கூட்டிவந்து, பஸ்ஸில் ஏற்றி, தேக்கா மார்க்கெட்டில் அதற்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும். யானை எப்படி பஸ்ஸில் ஏறும் என்று கேட்காதீர்கள். ஜரீனா கேட்டதற்கே பிரிஜட் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இன்று பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். பொறுப்பாளர் அற்புதராஜ் சார் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வர்றவங்கள்ல மூணு பேர் நாலு மணிக்குள்ள விளையாடி முடிக்கணும். அவங்க விளையாடும்போது நீங்க வாயே தொறக்கக் கூடாது. முடிச்சாங்கன்னா, அடுத்த வருஷமும் சனிக்கிழமை கம்ப்யூட்டர் உங்களுக்குத்தான். இல்லன்னா வேற கிளாசுக்குக் கொடுத்துடுவேன்."

இதுவரை ஒருவர்கூட முடிக்கவில்லை. முடிப்பது இருக்கட்டும், லிஃப்டின் கதவையே யாரும் திறக்கவில்லை.

'யானை உள்ளே, நீ வெளியே, என்ன செய்வாய்?' என்று திரை கேட்கும். 'கதவு திற' என்று தட்ட வேண்டும். பூவம்மா என்ற அக்கா அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர். அவர் படபடவென்று kadhavu thira என்று தட்டினார்.

'புரியவில்லை' என்றது கணினி.

அடுத்து வந்த, தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் kathavu tira என்று தட்டினார். அதுவும் புரியவில்லையாம். மூன்றாவதாக ஏழு வயது மருதப்பன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். ஒற்றை விரலால் தேடித் தேடி kadavu tira என்று தட்டினான்.

'புரியவில்லை.'

பிரிஜட்டால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, தப்பா எழுதுற! அங்க th போடணும்..."

"பிரிஜட்!" என்று அதட்டினார் அற்புதராஜ் சார்.

மருதப்பனின் உதடு துடித்தது. "எனக்குத் தமிழ் தெரியும்க்கா. இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பிரிஜட்டுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சின்னப் பையனை எல்லார் முன்னாலும் அழ வைக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. வாசல்வரை ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். பக்கத்தில் அவன் அக்கா கமலா நின்றிருந்தாள். இருவர் சட்டையிலும் பெயர் அட்டை குத்தியிருந்தது.

"சாரி தம்பி, நான் கத்தியிருக்கக் கூடாது" என்ற பிரிஜட், அட்டைகளைப் பார்த்ததும் நின்றாள். கமலாவின் அட்டையில் Kamala d/o Vadivelu என்று இருந்தது. மருதப்பனின் அட்டையில் Marudappan s/o Vadiveloo.

"உங்க அப்பா பேரு ஏன் ரெண்டு மாதிரி இருக்கு?"

"பர்த் சர்டிஃபிகேட்ல அப்படித்தான் இருக்கு. எனக்கு எழுதின ஆளு வேற, தம்பிக்கு எழுதின ஆளு வேற" என்றாள் கமலா.

"அப்ப எது சரி?"

கமலா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ரெண்டும் சரிதான். ரெண்டுமே எங்க அப்பாதான்லா!"

பிரிஜட் இரண்டு அட்டைகளையும் மறுபடி பார்த்தாள். வடிவேலுவை இரண்டு விதமாக எழுதலாம் என்றால் கதவையும் எழுதலாமே! தப்பு மருதப்பனுடையது இல்லை, என்னுடையது என்று அவளுக்குப் புரிந்தது. உடனே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடம் போனாள்.

"கதவு திற, வா, பழம் கொடு. இதையெல்லாம் நீங்க எப்படி எழுதுவீங்களோ அப்படியே எழுதிக் கொடுங்க."

கதவு மட்டும் ஐந்து விதமாக வந்தது. ஜரீனா ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் மளமளவென்று கணினிக்குள் சேர்த்தாள். பாதியில் கணினி முரண்டு பிடித்தது. நினைவகத்தில் இடமில்லை என்று திரையில் வந்தது.

மணி மூன்று நாற்பது.

"போச்சு! இனிமே ஒரு வார்த்தைகூட உள்ள போகாது" என்றாள் ஜரீனா.

பிரிஜட் நோட்டை வெறித்துப் பார்த்தாள். ஐந்து கதவுகள். நடுவில் எழுத்துகள் இஷ்டத்துக்கு மாறின. ஆனால்...

"ஜரீனா, எல்லாக் கதவும் k-லதான் ஆரம்பிக்குது. எல்லா 'திற'வும் t-லதான். முழுசா பார்க்கச் சொல்லாத. முதல் எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லு!"

"'கடை திற'ன்னு தட்டினாலும் லிஃப்ட் திறக்குமே?"

"திறந்துட்டுப் போகட்டும்! யானை வெளிய வந்தா போதும்."

ஜரீனா சேர்த்ததையெல்லாம் அழித்துவிட்டு, முதல் எழுத்துகளை மட்டும் கொடுத்தாள். மணி மூன்று நாற்பத்தெட்டு. பூவம்மா அக்கா மறுபடியும் உட்கார்ந்தார். கதவு திறந்தது! மூன்று நிமிடத்தில் யானைக்குப் பழமும் கிடைத்தது. தொடக்கக் கல்லூரி அண்ணன் முடிக்கும்போது மணி மூன்று ஐம்பத்து நான்கு.

மூன்றாவதாக மருதப்பன் வந்தான். மறுபடியும் ஒற்றை விரல். கதவு திறந்தது. 'யானை வர மறுக்கிறது' என்றது திரை. அவன் யோசித்தான். விரல் விசைப்பலகைமேல் ஊர்ந்து ஊர்ந்து w-இல் போய் நின்றது.

பிரிஜட் எட்டிப் பார்த்தாள். 'வா' என்றால் v ஆயிற்றே! அவள் v மட்டும்தானே சொல்லியிருந்தாள்! வாயைத் திறக்கவும் முடியாது. பற்களைக் கடித்துக்கொண்டாள்.

waa என்று தட்டினான் மருதப்பன்.

யானை வந்தது.

பிரிஜட் திரும்பி ஜரீனாவைப் பார்த்தாள். "எங்க அப்பாவ 'வாப்பா'ன்னு எழுத நான் w-தான் போடுவேன். அதனால அதையும் சேர்த்துட்டேன்" என்று காதோடு சொன்னாள் ஜரீனா.

யானை பஸ்ஸில் ஏறியது. தேக்காவில் இறங்கியது. palam kudu என்று மருதப்பன் கடைசியாகத் தட்டியபோது, கடிகார முள் நான்கைத் தொட ஒரு நிமிடம் இருந்தது.

'யானை சிரிக்கிறது' என்றது திரை. அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். மருதப்பன் நாற்காலிமேல் ஏறி நின்று, தானே அந்த யானை போலக் கையை நீட்டி ஆட்டினான்.

அற்புதராஜ் சார் கரும்பலகைக்குப் போனார். அடுத்த ஆண்டு அட்டவணையில் சனிக்கிழமைக்கு நேராக Zarina, Brijit என்று சாக்பீஸால் எழுதினார். திரும்பி, "ஸ்பெல்லிங் சரியாம்மா?" என்று கேட்டார்.

பள்ளியில் பிரிஜட் தன் பெயரை அப்படி எழுதுவதே இல்லை. அவள் பலகையைப் பார்த்தாள்.

"சரிதான் சார், அதுவும் நான்தான்" என்றாள்.