ஐஸ் பெட்டியும் ஒரு மொட்டும்

வாலு எங்கே போனாலும் முதலில் எதிலாவது முட்டிக்கொள்வான். பள்ளி விட்டு அம்மாவின் ஆய்வகத்துக்கு வந்தவன், அன்றைக்கு மேசை முனையில் முட்டிக்கொண்டான். நெற்றி புடைத்துவிட்டது.

"ஐயோ அக்கா, செத்தேன்!" என்று ஊரைக் கூட்டினான்.

அம்மா பக்கத்து அறையில் சோதனைக் கருவியைத் தயார் செய்துகொண்டிருந்தார். தம்பி அழுதால் கூட வந்திருந்த அக்காவுக்குத் தாங்காது. மேசைமேல் ஐஸ் பெட்டி இருந்தது. அதில் செருகியிருந்த சின்னக் குழாய்களை எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்தாள். ஐஸை அள்ளிக் கைக்குட்டையில் கட்டி, அவன் நெற்றியில் ஒற்றினாள்.

அம்மா திரும்பி வந்தபோது குழாய்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

"போச்சு. எல்லாம் போச்சு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"அதுல என்ன இருந்துச்சு?" என்றான் வாலு.

"நொதிடா," என்றாள் அக்கா. "நித்தியகல்யாணிச் செடிக்குள்ள இருக்கிற சமையல்காரங்க மாதிரி. ஒண்ணு தன் வேலையை முடிச்சு அடுத்ததுகிட்ட கொடுக்கும். கடைசியில ஆல்கலாய்டுன்னு ஒரு பொருள் வரும். அது ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. நொதிக்குச் சூடு ஆகாது. தெரிஞ்சும் இப்படிப் பண்ணிட்டேனே!"

"வேற இலை பறிச்சா?"

"இளம் இலைதான் வேணும்," என்றார் அம்மா. "இந்த நொதி சுறுசுறுப்பா வேலை செய்யுறது தோட்டத்துல நான் வளர்க்கிற ஒரே ஒரு செடியிலதான். காலையிலேயே அதை மொட்டை அடிச்சாச்சு. கருவியும் இன்னைக்கு மட்டும்தான் நமக்கு. மறுபடி எப்போ கிடைக்குமோ!"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அங்கே காது உடைந்த கோப்பையில் அவளுடைய செடி இருந்தது. அம்மா கொடுத்த சிறு கிளையை அவளே நட்டு வளர்த்தது. நுனியில் முதல் மொட்டு. நாளைக்குப் பூத்துவிடும் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள்.

"அம்மா, இதுவும் அந்தச் செடியோட கிளைதானே?"

"அது உன்னோடது. நான் தொட மாட்டேன்."

"நான் பறிக்கிறேன்மா."

"நுனியைக் கிள்ளினா மொட்டும் போயிடும், கண்ணு."

"தெரியும்."

கிள்ளினாள். இலைகளோடு மொட்டும் கையோடு வந்துவிட்டது.

அம்மா புது ஐஸ் கொண்டுவந்து இலைகளை அரைத்தார். இந்த முறை அக்கா குழாய்ப் பக்கம் வாலுவை அண்டவே விடவில்லை.

சாயங்காலம் கருவியின் திரையில் ஒரு கோடு மேலே மேலே ஏறியது.

"வேலை செய்யுது! உன் செடி வேலை செய்யுதுடி!" அம்மா அவளைக் கட்டிக்கொண்டார்.

அக்கா சிரித்தாள். ஆனால் மனசெல்லாம் ஜன்னலோரம்தான். கோப்பையின் அருகே போய், "மன்னிச்சுக்கோ," என்றாள் மெதுவாக.

வாலு வந்தான். மிச்சமிருந்த ஐஸ் துண்டு ஒன்றைக் கிள்ளிய காம்பின்மேல் வைத்து ஒற்றினான்.

"என்னடா பண்றே?"

"அதுக்கும் அடிபட்டிருக்கு இல்ல?"

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது அக்காவுக்கு.

"அதுக்குக் குளிரும்டா," என்று ஐஸை வாங்கிக்கொண்டாள். அது தண்ணீராகும் வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்து, செடிக்கு ஊற்றினாள்.