அரை ரோஜா

மேற்கு மாம்பலத்து மாடி அறையில் ரத்னா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஜஹீதா வந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதங்களை மதிப்பிட்டு ஓய்வுபெற்ற ரத்னா, இப்போது பிறர் சிக்கல்களைத் துப்புத்துலக்குகிறார். ஆட்டோ ஓட்டும் கபாலிக்கு அவர் கூடவே போகாவிட்டால் தலை வெடித்துவிடும். சவாரி போனால் போகட்டும் என்று விடுவான்.

ஜஹீதாவின் தந்தை நூர் முஹம்மது மயிலாப்பூர் அத்தர் வியாபாரி. பாட்டன் காலத்து பம்ப் துப்பாக்கி ஒன்று, முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுவது, அவரிடம் இருந்தது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்பதால் அதை ஆழ்வார்பேட்டை தமிழ்மாறனின் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தார். திரும்ப எடுப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார். இப்போது விலை கேட்டால், துப்பாக்கியின் உடலில் ஒரு எண், குழலில் வேறு எண், பழம்பொருள் மதிப்பே கிடையாது, பழைய இரும்பு விலைதான் என்கிறாராம் தமிழ்மாறன்.

"ஊட்ல நான்தான் இருந்தேன், நான்தான் குழலை மாத்தி வித்துட்டேன்னு அண்ணன் சொல்றாரு. காசு போனா போவுதும்மா. திருடின்னு பேரு வாங்கிக்கினு அத்தா ஊட்ல எப்படி காலெடுத்து வைப்பேன்?"

ரத்னா ஒன்றே ஒன்று கேட்டார்: பொருளை வெளியே கொடுக்கும்போது அத்தா எப்படிக் கொடுப்பார்? அரக்கு வைத்து ரோஜா முத்திரை குத்தாமல் எதுவும் வெளியே போகாது, ஊறுகாய் ஜாடிகூட அப்படித்தான் போகும் என்றாள் ஜஹீதா.

அண்ணன் அஃப்தாப்தான் திருடன் என்று கபாலி வழியிலேயே முடிவு கட்டிவிட்டான். அந்த அஃப்தாப் தமிழ்மாறனின் கடையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஒவ்வொரு துப்பாக்கியிலும் குழல் உடலோடு சேரும் இடத்தில் மஞ்சள் நூலால் பெயர் அட்டை கட்டியிருந்தது. இந்தத் தேர்தலுக்கென்றே வாங்கிய நூல் என்று தமிழ்மாறன் பெருமையாகச் சொன்னார். நூர் முஹம்மதின் துப்பாக்கி வரும்போதே இந்தக் குழலோடுதான் வந்தது என்றும் சாதித்தார்.

ரத்னா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த இணைப்பைப் பார்த்தார். உடல் பக்கம் சிவப்பு அரக்கில் பாதி ரோஜா இருந்தது. குழல் பக்கம் வெறும் இரும்பு.

"அரக்குக்கு அடியில மஞ்சள் நூல் துணுக்கு மாட்டியிருக்கு. நீங்க அட்டை கட்டின பிறகுதான் இவங்க அத்தா இணைப்பு மேல முத்திரை குத்தியிருக்கார். மீதி ரோஜா இருக்கிற குழல் இந்தக் கடையிலதான் கழண்டிருக்கு."

"அதெல்லாம் எப்பவோ சுரண்டி எறிஞ்சிருப்பாங்க" என்றார் தமிழ்மாறன். அவர் குரல் இறங்கியிருந்தது.

"வேற யாராவதுன்னா சுரண்டியிருப்பாங்க. நீங்க மாட்டீங்க. கீறல் விழுந்தா பழம்பொருளுக்கு விலை போயிடும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? இரும்பு விலைக்கு இதை வாங்கி, அந்தக் குழலோட சேர்த்து நல்ல விலைக்கு விக்கலாம்னு பார்த்திருக்கீங்க."

தமிழ்மாறனின் கண் பூட்டிய அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. கபாலி அதைப் பிடித்துக்கொண்டான். "சாவி குடு நைனா" என்று கை நீட்டினான். வெல்வெட் துணிக்குள் இருந்த குழலைத் துப்பாக்கியோடு பொருத்தினார்கள். ரோஜா முழுதாக மலர்ந்தது. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தன. கபாலிக்குச் சந்தோஷம்தான், அஃப்தாப் திருடனாகாததில் மட்டும் சின்ன வருத்தம்.

ரத்னா போலீஸுக்குப் போன் போட்டார். அஃப்தாப் தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போது இதற்கு நியாயமான விலை என்ன என்று அவரைக் கேட்டான்.

"அது கெடக்கட்டும்ண்ணே" என்றாள் ஜஹீதா. "எனக்குத் திருடின்னு ஒரு வெல போட்டியே, மொதல்ல அத்த திருப்பி எடு."

எல்லோர் முன்னாலும், தலையைக் குனிந்தபடி, அஃப்தாப் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.