கீழே பார்த்த சிவப்புப் பொட்டு

1957, ஐப்பசி. வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.10.

ஜைனுதீன் ராவுத்தர் தம் வீட்டு லாரியின் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடியே உயிரை விட்டிருந்தார். இடது கால் கீழ்ப்படியில் மடங்கியிருந்தது. வலது பாதம் சேற்றில் பதிந்திருந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கொண்டுவந்த பித்தளைச் செம்பு உருண்டுபோய் லாரிச் சக்கரத்தில் முட்டிக் கிடந்தது.

உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அவர் மனைவி ரஹீமா பீவியின் அலறலில்தான் மைதானம் விழித்தது. அவளுடைய தம்பி கிபாயத்துல்லா காய்ந்த மூங்கில் கம்பால் மச்சானை நெட்டித் தள்ளினான். வயர்மேன் ராக்கன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். ஆறு லாரிகளிலும் வெளிச்சம் செத்தது. தூறல் மட்டும் நிற்கவில்லை.

பொன்னமராவதிக்கு வெளியே இருந்தது அந்த மைதானம். யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துப்போட்ட பெரிய லாரிகளை ஏலத்தில் எடுத்து, தகரக் கூண்டு கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, ரேடியோ என்று ஒரு வீட்டையே அடைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் டூரிங் சினிமா முதலாளிகள் ஆறு பேர் அங்கே கூடியிருந்தார்கள். அடைமழையில் கொட்டகை போட முடியாது. ஆகவே வருஷா வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் ஓரிடத்தில் லாரிகளை நிறுத்திக் கூடிப் பேசுவார்கள், பிரியாணி ஆக்குவார்கள், பெண் கொடுக்காத குறையாகப் பழகுவார்கள். அன்று காலை பத்து மணிக்குக் கடைசிக் கூட்டம். அதில் ஜைனுதீன் பேசுவதாக இருந்தது.

காலை 6.40.

சப்-இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்த கைக்குட்டையாலேயே மூக்குக்கண்ணாடியையும் துடைக்கிற மனிதர். யுத்தத்தின்போது பட்டாளத்தில் தந்திக் கம்பி இழுத்தவர் என்பதால் கம்பிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதைத் தாமாக யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதாங்க," என்றார் ஏட்டு திருப்பதி. "வயர்மேன் ஒத்துக்கிட்டான். வாக்குமூலம் எழுதிட்டேன். ரேகை வச்சுட்டா பதினோரு மணி பஸ்ல கூட்டிட்டுப் போயிரலாம்."

ராக்கன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுதான். தோள் இரண்டும் கிழவனுக்குப் போலத் தொங்கின.

"எழுதிக்குங்கய்யா. நான்தான் கொன்னேன். மூணு வருஷத்துக்கு முந்தி கட்டுமாவடியில ஒரு பச்சப்புள்ளையக் கொன்னேன். இன்னைக்கு எனக்குச் சோறு போட்ட மொதலாளியக் கொன்னுட்டேன்."

கட்டுமாவடிக் கதை ஆத்மநாதனுக்கும் தெரியும். இங்கே கூடியிருந்த முதலாளிகளில் ஒருவரான கண்ணுசாமியின் கொட்டகையில் ஒயர் பற்றித் தீப்பிடித்து, ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று கருகிப்போனது. வயரிங் சரியில்லை என்று ராக்கனுக்கு ஒரு வருஷம் ஜெயில். வெளியே வந்தவனை யாரும் அண்டவிடவில்லை. ஜைனுதீன் ஒருவர்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

"அழுகையை அப்புறம் வச்சுக்க. இங்க என்ன நடந்துச்சுன்னு விளங்கச் சொல்லு."

மைதானத்து ஓரம் ஒரு கம்பம். அதில் தகரக் கூரை போட்ட மரப்பெட்டி. பூட்டு இல்லை. பஞ்சாயத்து லைனிலிருந்து மின்சாரம் அங்கே வந்து, லாரிகளுக்குப் பிரிந்தது. பெட்டியில் ஐந்து பிளக்குகள் சொருகியிருந்தன.

"ரெண்டு கம்பிங்கய்யா. ஒண்ணுல கரண்டு வரும், இன்னொண்ணுல திரும்பிப் போகும். பூமியில எர்த்துக் கம்பி எறக்கலாம்னா இங்க பூராம் பாறை, கடப்பாறையே எறங்கல. அதனால லாரியோட இரும்பு ஒடம்பைத் திரும்புற கம்பியோட சேத்துக் கட்டிருவோம். நாங்க எல்லாருமே அப்படித்தான் செய்யிறது."

"பிளக்கைத் தலைகீழாச் சொருகிட்டா?"

"கரண்டு வர்ற கம்பி லாரி ஒடம்போட சேந்துரும். உள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, ரப்பர் டயர் மேல நிக்குதுல்ல. ஒரு கை லாரியில, ஒரு காலு ஈர மண்ணுலன்னா ஆளு காலி. அதுக்குத்தான் பிளக்குல செவப்புப் பொட்டு வச்சிருக்கேன். பொட்டு எப்பவும் வானத்தைப் பாக்கணும்."

நான்கு பிளக்குகளின் பொட்டு வானத்தைப் பார்த்தது. ஜைனுதீன் லாரிப் பிளக்கின் பொட்டு தரையைப் பார்த்தது.

"சொருகறப்ப மேலதான் வச்சேன்னு நெனப்பு. என் நெனப்பை நம்பி என்ன செய்ய? கட்டுமாவடியிலயும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் நெனச்சேன்."

ஆத்மநாதன் தும்மினார். பிறகு மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜைனுதீனின் லாரிக்கும் பக்கத்தில் நின்ற கண்ணுசாமியின் லாரிக்கும் இடையே ஒரு கறுப்பு ஒயர் தொய்ந்து தொங்கியது. அதில் மழைத்துளிகள் வரிசையாக நின்று ஒவ்வொன்றாய் விழுந்தன.

காலை 7.30.

ரஹீமா பீவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"நேத்து ராத்திரி கடைசியா எப்பம்மா கீழ எறங்கினீங்க?"

"எட்டரைக்கு. ஏனம் கழுவினேன். ஈரக் கையோட, ஈரமான வெறுங்காலோடதான் அந்தக் கம்பியப் புடிச்சு ஏறுனேன்."

"சுருக்குன்னு ஏதாவது?"

"ஒண்ணுமில்லைங்களே."

"அதுக்கப்புறம்?"

"ரேடியோவுல நாதசுரம் வச்சாக. நடுவுல வெளக்கு ஒரு தடவ அணைஞ்சு உடனே எரிஞ்சுச்சு. ரேடியோதான் சூடேறிப் பேச அர நிமிசம் ஆச்சு. மணி ஒம்போதடிச்சுப் பத்து நிமிசம் இருக்கும். இவுக கடியாரத்தைப் பாத்தாக."

"அவர் வெறுங்காலோடதான் எறங்குவாரா?"

"இல்லைங்க. டயர் செருப்பு கீழ்ப்படிக்கு நேரா கெடக்கும். இருட்டுலயும் கால எடுத்து வச்சா செருப்புக்குள்ளதான் வைப்பாக. இருவது வருசப் பழக்கம்."

படிக்குக் கீழே செருப்பு இல்லை. ஆத்மநாதன் சேற்றில் மண்டியிட்டு லாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். அச்சுக்குப் பக்கத்தில், ஒரு கை நீளத்துக்கு உள்ளே, ஜோடியாக இருந்தது.

"மழைக்கு நனையாம யாரோ எடுத்து வச்சிருக்காங்க, பாவம்," என்றார் திருப்பதி.

"ராத்திரி மழை எப்ப தொடங்குச்சு?"

"ஒம்பதரைங்க. நான் சந்தைப்பேட்டையில ரோந்துல இருந்தேன். ஒரே அடியா ஊத்துச்சு."

ஆத்மநாதன் செருப்பைக் கவிழ்த்து விரலால் தடவினார். அடியில் புழுதி காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் முகம் கறுத்துவிட்டது.

காலை 8.15.

கிபாயத்துல்லா அழுதழுது கண் வீங்கியிருந்தான். "மச்சானுக்கு எதிரின்னு யாருமில்லைங்க. நேத்து மத்தியானம் ஒண்ணு சொன்னாரு. 'நாளைக்குக் கூட்டத்துல ராக்கனுக்கு ஒரு நியாயம் செய்யணும். அதுக்கு முந்தி சம்பந்தப்பட்டவர்கிட்ட சொல்லிட்டேன், அவரே எந்திரிச்சுச் சொல்லிட்டா அவருக்கும் மரியாதை' அப்படின்னாரு. யாருன்னு கேட்டேன். நாளைக்குத் தெரியும்னுட்டாரு."

லாரிக்குள் ஆணியில் தொங்கிய ஜைனுதீனின் சட்டைப்பையை அவனையே பார்க்கச் சொன்னார் ஆத்மநாதன். ஒரு கடிதம் இருந்தது. வாங்கிப் படித்தார். யாரிடமும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

காலை 8.40.

கண்ணுசாமி நாற்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவர்தான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தைங்க சொல்றது. அந்தப் பயலை வேலைக்கு வைக்காதீங்க பாய்னு அப்பவே சொன்னேன்."

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"நாலு மணிக்கு டவுனுக்குப் போனேன். சாமான் வாங்கிட்டு எட்டு மணிக்குத் திரும்புனேன். சாப்பிட்டேன். ரேடியோ முன்னால உக்காந்தவன் நாதசுரம் முடியிற வரைக்கும் எந்திரிக்கல."

"நடுவுல லைட் அணைஞ்சுச்சாமே?"

கண்ணுசாமி ஒரு கணம் யோசித்தார். "அது பாய் லாரியில அணைஞ்சிருக்கும். என் லாரியில அணையலைங்க. அவரு லைன் வேற, என் லைன் வேற. நான் ஒரு நிமிசம்கூட விடாம கேட்டேன்."

அவர் மனைவி சொர்ணவல்லி, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில், ஏழு வயது மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் ராத்திரி உள்ளதான் இருந்தாராம்மா?"

"ஆமாங்க." தலையை நிமிர்த்தவில்லை.

"லைட் அணைஞ்சுச்சா?"

"ஆமாங்க, அணைஞ்சு வந்துச்சு. நாதசுரமும் நின்னு, மெதுவா மறுபடி கேட்டுச்சு. புள்ள பயந்துக்கிருச்சு."

"அதை அவர்கிட்ட..." என்று தொடங்கியவர், "சரி, போங்கம்மா," என்று முடித்துக்கொண்டார்.

காலை 10.00.

கூட்டத்துக்காகக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே எல்லோரும் கூடினார்கள். ஜைனுதீன் உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதைத் தள்ளிப்போடத் துணியவில்லை. திருப்பதி மை டப்பாவோடு ராக்கன் பக்கத்தில் நின்றார். ராக்கன் கட்டைவிரலை ஏற்கெனவே நீட்டிவிட்டான்.

"கையை மடக்கு," என்றார் ஆத்மநாதன். "இது கைத்தவறு இல்லை. கொலை."

திருப்பதி மை டப்பாவை மூடினார்.

"எட்டரைக்கு அந்த அம்மா ஈரக் கையோட, வெறுங்காலோட கம்பியைப் புடிச்சு ஏறியிருக்காங்க. ஒண்ணும் ஆகலை. அப்ப பொட்டு மேலதான் இருந்திருக்கு. ஒம்பது பத்துக்கு விளக்கு அணைஞ்சு எரிஞ்சுச்சு. அந்த நேரத்துலதான் யாரோ பிளக்கைப் புடுங்கித் திருப்பிச் சொருகினாங்க. போற வழியில செருப்பையும் உள்ள தள்ளிட்டாங்க. மழைக்காக இல்லை, மழையே ஒம்பதரைக்குத்தான். அந்தச் செருப்பு அங்க கெடந்திருந்தா பாய் டயர் ரப்பர்ல கால் வச்சிருப்பாரு, இப்ப இந்த நாற்காலியில உக்காந்திருப்பாரு."

"யாருங்க அது?" கிபாயத்துல்லா எழுந்துவிட்டான்.

"ஆறு லாரி நிக்குது. பெட்டியில எத்தனை பிளக்கு இருக்கு? காலையில இருந்து எல்லாரும் பொட்டையே பார்த்தீங்க. எண்ணிப் பார்க்கலை. ராக்கா, ஆறாவது எங்கே?"

ராக்கன் விழித்தான். "நேத்து அஞ்சு மணிக்குக் கண்ணுசாமி மொதலாளி லாரி ஒயர எலி கடிச்சுப் போட்டுக் கெடந்துச்சுங்க. அவரு டவுனுக்குப் போயிருந்தாரு. வீட்ல புள்ள இருட்டுல இருக்கேன்னு பாய் சொன்னாரு. அந்தப் பிளக்கக் கழட்டிட்டு, பாய் லாரியில இருந்துதான் லைன் இழுத்துக் குடுத்தேன்."

"ஆக, ரெண்டு லாரிக்கும் ஒரே பிளக்கு. பாய் லாரியில அணைஞ்சா கண்ணுசாமி லாரியிலயும் அணைஞ்சிருக்கணும். அணைஞ்சுதுன்னு அவர் சம்சாரம் சொல்றாங்க. அணையவே இல்லைன்னு அவர் சொல்றார். உள்ள இருந்தவருக்கு அது தெரியாம இருக்குமா?"

கண்ணுசாமி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஆத்மநாதன் கடிதத்தை விரித்தார். "கட்டுமாவடிக் கொட்டகையில மெஷின் ஓட்டினவர் சாகக் கிடக்கும்போது பாய்க்கு எழுதினது. படத்துக்கு நடுவுல பியூஸ் அடிக்கடி போயிருக்கு, ஜனம் விசில் அடிச்சிருக்கு. கண்ணுசாமி தன் கையாலேயே பியூஸ் கம்பிக்குப் பதிலா தடிச்ச செப்புக் கம்பியைப் போட்டிருக்கார். ஒயர் சூடாகி எரிஞ்சப்ப பியூஸ் போகலை. ராக்கனோட வயரிங்கில எந்தக் குத்தமும் இல்லை. இதைத்தான் பாய் இன்னிக்குப் படிக்க இருந்தார். முன்கூட்டியே உங்ககிட்டச் சொன்னது அவரோட பெருந்தன்மை. உங்களுக்கு அது அவகாசமாப் போச்சு."

"பொய்," என்றார் கண்ணுசாமி.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நீங்க பிளக்கைத் திருப்பினதும் அதே லைன்ல இருந்த உங்க லாரியோட ஒடம்பும்தான் கரண்டாச்சு. நீங்க ஏறும்போது மண்ணு காய்ஞ்சிருந்துச்சு, கால்ல டயர் செருப்பு, தப்பிச்சீங்க. விடியறப்ப எல்லாம் சேறு. உங்க வீட்ல முதல்ல எறங்குறது யாரு?"

சொர்ணவல்லியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மகளை இறுக்கிக்கொண்டாள். "அஞ்சு மணிக்கு இவ ஒண்ணுக்குப் போகணும்னா. கதவத் தொறந்து கால எடுத்து வச்சா. ரஹீமாக்கா சத்தம் கேட்டுத்தான் உள்ள இழுத்தேன்." புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "பொய் சொன்னேங்கய்யா. இவரு உள்ள இல்ல. தார்ப்பாய் கட்டப் போறேன்னு போனாரு. வந்தப்ப நான் புள்ளையோட படுத்துட்டேன், பாய் லைன் குடுத்ததயும் கரண்டு போனதயும் சொல்லல."

கண்ணுசாமி மகளைப் பார்த்தார். அவள் பாதங்களைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் திருப்பதியிடம் நீட்டினார்.

பதினோரு மணி பஸ்ஸில் போனது அவர்தான். ஆத்மநாதன் ராக்கனின் வாக்குமூலத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டுலயும் நீ குத்தவாளி இல்லை. கட்டுமாவடிக் கேஸுக்கும் நான் எழுதுறேன்."

ராக்கனின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "அப்ப பாய் எனக்காகவாய்யா செத்தாரு?"

ஆத்மநாதன் கைக்குட்டையை எடுத்தார். இந்தத் தடவை ஜலதோஷத்துக்கு இல்லை. போகும்போது பெட்டியருகே நின்று, "லாரி ஒடம்பைக் கம்பியோட கட்டுறதை இன்னிக்கே விட்டுத் தொலைங்க," என்று எல்லோரையும் வைதுவிட்டுப் போனார்.

அன்று முழுக்க ராக்கன் ஆறு லாரிகளுக்கு அடியிலும் ஊர்ந்து அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். கண்ணுசாமியின் லாரியில் வெட்டும்போது அந்தச் சிறுமி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொடுத்தார்கள். குளிப்பாட்டி, கஃபன் என்ற வெள்ளைத் துணி உடுத்தி, தொழுகை முடித்து, உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம். ராக்கன் கூட்டத்துக்கு வெளியே, மழையில், தலையில் துண்டுகூட இல்லாமல் நின்றான். கிபாயத்துல்லா முன்பக்கத்துக் கம்பைத் தோளில் வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

"அங்கிட்டு ஏன் நிக்கிறே? ஒரு தோள் கொறையுது. வா."

ராக்கன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்து வந்து, மறுபக்கத்துக் கம்பைப் பிடித்தான்.