முகத்துவாரத்தில் இரண்டு பேர்

பதில் தட்டு காலுக்குக் கீழேயிருந்து வந்தது. வேம்புவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

கோடை பிறந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து எண்ணூர் முகத்துவாரத்தை அடைத்துவிடும். உப்பங்கழி நாறும், உப்பளத்துக்குத் தண்ணீர் ஏறாது, கூலி நிற்கும். உலகச் சண்டை முடிந்து ரேஷன் அரிசியில் வயிறு கழுவிய அந்த வருஷமும் அப்படித்தான். மணல்திட்டின் இரண்டு பக்கமும் ஆள் இறங்கிக் கால்வாய் வெட்டி நடுவில் சந்திப்பார்கள். கழிப்பக்கத்து ஆள் மண்வெட்டிக் காம்பால் தரையைக் குத்தினால் கடல்பக்கத்து ஆள் பதிலுக்குக் குத்த வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வெட்டு நேராகப் போகும்.

போன தடவையும், அதற்கு முந்தின தடவையும், முக்கால்வாசி வெட்டிய பிறகு கடல் வந்து மூடிவிட்டுப் போனது. அந்த ஆத்திரத்தில்தான் இன்று பொழுது சாய்ந்து மற்றவர்கள் டீக்கடைக்குப் போன பிறகும் வேம்பு ஏறவில்லை. தான் கழிப்பக்கம் நின்றுகொண்டு, தங்கை மங்கையின் புருஷன் செல்வத்தையும் போகவிடாமல் கடல்பக்கம் இறக்கினான்.

"பொண்டாட்டிய வுட்டுட்டு இந்த மணலையே கட்டிகினு குடும்பம் பண்ணு மச்சான்" என்று செல்வம் சிரித்துக்கொண்டேதான் போனான்.

"இன்னா மாப்ளே, பாதாளத்துக்கா தோண்டிகினு கீற?" என்று வேம்பு கத்தினான்.

 மறுபடி குத்தினான். பதில் தட்டு கீழேயிருந்தே வந்தது, ஈரத்துணியில் சுற்றிய சத்தம்போல. கழியின் அழுகல் நாற்றமும் செத்த இறால் வாடையும் ஆள் உயரத்துக்கு மேலிருந்த மண்சுவரோடு ஒட்டி நிற்க, விளிம்பிலிருந்து மணல் அவன் பிடரியில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, இவ்வளவு நேரம் இரைந்த அலை மட்டும் யாரோ கதவைச் சாத்தினாற்போல் அமுங்கிப் போயிருந்தது.

பிறகு ஒரு குரல், சுவருக்குள்ளிருந்து.

"மச்சான்... மண்ணு சரிஞ்சிடுச்சு மச்சான்..."

 மண்வெட்டி செல்வத்தின் தலையில் பட்டுவிடும் என்று வேம்பு அதை எறிந்துவிட்டுக் கையால் பறித்தான். ஒரு கை அள்ளினால் இரண்டு கை சரிந்தது. அள்ளினான். சரிந்தது. "கஸ்மால மண்ணு!" என்று அழுதுகொண்டே அள்ளினான். தோள்வரை கையை உள்ளே விட்டான்.

விரல்கள் தட்டுப்பட்டன. சூடான விரல்கள். அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.

"கெட்டியா புடிச்சிக்கோ மாப்ளே!"

"யார்கிட்ட பேசிகினு கீற மச்சான்?"

மேலே விளிம்பில் செல்வம் குந்தியிருந்தான். மங்கிய வெளிச்சத்தில் அதே தலைப்பாகை, அதே கோணல் சிரிப்பு.

"நான் அப்பவே ஏறிட்டேன். கடல் ஏறுது, ஜல்தி வா."

அப்படியென்றால் இது? இந்தத் திட்டில் ஒதுங்கிய பிணங்களைப் பற்றிக் கூலிக்காரர்கள் பேசியதெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கையை இழுத்தான். விடவில்லை.

"வுட்டுடாத மச்சான்" என்றது மண்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். கடைசி விரல் மளுக்கென்று ஒடிந்தது. கையை உருவினான். துளை மூடிக்கொண்டது.

"வா மச்சான்." செல்வம் கையை நீட்டினான். வேம்பு அதைப் பிடித்து, சுவரில் கால் வைத்து எம்பினான்.

கை குளிர்ந்திருந்தது.

நறநறத்தது.

மணிக்கட்டோடு பொலபொலவென்று உதிர்ந்து, அவன் முகத்தில், கண்ணில், திறந்த வாயில், உப்பு மணலாகக் கொட்டியது. மல்லாக்க விழுந்தான். முதுகுக்குக் கீழே மண்ணுக்குள் ஏதோ ஒருமுறை உதறி அடங்கியது.

"மாப்ளே" என்றான். யாரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேலே காற்று வீசியது. கையில்லாத கையை இன்னும் நீட்டியபடி குந்தியிருந்த செல்வத்தின் முகம் காதுப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மணலாகப் பறந்துகொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.